இன்னும் நாலு ஆணி

என் கையால் நான் பூசிய முதல் சுவர் மூன்றாம் நாளே விழுந்தது. சுவர் விழவில்லை, பூச்சு விழுந்தது. காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரே அது தொந்தி மாதிரி முன்னால் தள்ளி, பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த என் மனைவி, சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, பம்ப்பை எடுத்து இரண்டு தரம் வாய்க்குள் அடித்துக்கொண்ட பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"ஒரு மேசன் பாஸ கூப்புடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நான் யார் சொல்லியும் கேட்கிற ஆள் இல்லை.

அன்று பிற்பகல் குருவிட்ட டவுனுக்கு இறங்கி, சிமெந்து விற்ற கடை முதலாளியிடம் சண்டைக்குப் போனேன். சிமெந்து பழசு என்றேன். அந்த மனிதர் கோபப்படாமல், "வத்துர தாலாத மல்லி கேவே?" என்று கேட்டார். தண்ணீர் அடித்துவிட்டா பூசினாய் என்று அர்த்தம். நான் அடிக்கவில்லை. காய்ந்த கல் சாந்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தாறு வயது வரை நான் ஒரு சுவருக்குக்கூடச் சொந்தக்காரனாக இருந்ததில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்துக் காம்பராவில்தான் அதுவரை இருந்தேன், அங்கே சுவர் தோட்டத்துடையது. சாமிப் படம் மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கணக்கப்பிள்ளை காதில் போட்டு வைக்க வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் அப்பா பின்பக்கம் நாலு தகரத்தைச் சாய்த்து, பெண்கள் குளிக்க ஒரு மறைப்புக் கட்டினார். மறு வாரமே தோட்டத்து ஆட்கள் வந்து பிரித்துப் போட்டார்கள். பிரிக்க வந்தவர்களில் அப்பாவின் சொந்தத் தம்பியும் ஒருவர். அன்றைக்கு அவருக்குக் கொடுத்த வேலை அது. பிரித்து முடித்து, எங்கள் வீட்டிலேயே தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். லயத்துச் சுவருக்கு வாயும் உண்டு. இரண்டு காம்பராக்களுக்கு நடுவில் இருந்த சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேல் புகையும் பேச்சும் இருமலும் இஷ்டப்படி போய் வரும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு நாள் அதைப் பற்றிப் பேச்சு வந்து, நான் என் மனைவியின் மடியில் தலையை வைத்து அழுதுவிட்டேன். அடுத்த நாள் காலை பிரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, ஒருத்தன் என் விசும்பலை அப்படியே செய்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பக்கத்துக் காம்பராக்காரன்கூட இல்லை, மூன்று காம்பரா தள்ளி இருந்தவன். அவன் சட்டையைப் பிடித்தேன், என்னை விலக்கி விட்டார்கள். அன்றைக்கு மனதில் ஒரு முடிவு எடுத்தேன். என்றைக்காவது எனக்கென்று ஒரு வீடு வந்தால், அந்த வீட்டுச் சத்தம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

என் மனைவிக்கு அந்தச் சுவர் வேறு மாதிரி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இழுப்பு வந்தால் முதலில் போவது குரல்தான். ஐயோ என்று கத்தக்கூட மூச்சு இருக்காது. நான் ரப்பர் ஸ்டோரில் வேலையாக இருப்பேன், பகலில் அவள் தனி. அதனால் அவளும் பக்கத்துக் காம்பரா அக்காவும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். இவள் அகப்பைக் காம்பால் சுவரில் விடாமல் தட்டுவாள். அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வரும். கேட்டுச்சு, வர்றேன் என்று அர்த்தம். அந்த இரண்டு தட்டு வந்துவிட்டால் இவள் அசையக் கூடாது. எழுந்து நடந்தால் இழுப்பு கூடும், நடுவழியில் விழுந்துவிடுவாள் என்று அக்காவுக்குப் பயம்.

"பதில் வந்துருச்சுன்னா அப்புடியே சுவத்துல சாஞ்சு உக்காந்துக்க தங்கச்சி. ஒலகமே எரிஞ்சாலும் எந்திரிக்காத. நான் வந்துருவேன்."

அக்கா ஒரு தடவையும் வராமல் இருந்ததில்லை. கை மாவோடு, தலையில் எண்ணெயோடு, ஒரு தரம் பாதிச் சோற்றில் எழுந்து எச்சில் கையோடு வந்திருக்கிறார். என்னைக் கூப்பிட ஸ்டோருக்கு ஆள் வரும்போது பெரும்பாலும் இவள் சுடுதண்ணீர் குடித்துத் தெளிந்திருப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சுவரை வெறுத்தேன்.

பெருமழைக்குப் பிறகு லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச வருஷம் இழுத்தடித்து, ரப்பர் மலைக்கு நடுவே தனித்தனி வீடுகள் வந்தன. ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி. புளொக் கல் சுவர், மேலே தகரம், உள்ளே ஒரு பூச்சும் இல்லை. பின்னால் அடுப்படி என்று சொல்லி நாலு தூண் மட்டும் நின்றது. காணிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை, சாவி வந்தது. என் மனைவி அந்தச் சாவியை மஞ்சள் கயிற்றில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தாள்.

வீடுகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். எங்களுக்கு விழுந்தது அக்கா வீட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்த வீடு. என் மனைவி அந்த இடத்திலேயே அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, நாற்பது படி ஏறிப் போகிற தனி வீடு வேறொருவருக்கு விழுந்தது. அவருடைய அம்மாவுக்குக் கால் முடியாது, படி ஏற முடியாது. மாற்றிக்கொள்ள யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு உபகாரம் செய்தவன் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். உபகாரமாவது, மண்ணாங்கட்டியாவது. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வீடு இல்லை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் பூச்சு பூசுவதிலேயே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததும் அப்போதுதான். முதல் ஆணியை அடிக்கச் சுத்தியலைத் தூக்கினேன். "தொரைகிட்ட கேட்டுட்டீங்களா?" என்றாள் பின்னாலிருந்து. நான் திரும்பி அவளுக்குச் சலாம் போட்டு, "தொரைசாணி உத்தரவு குடுத்தா அடிக்கிறேன்" என்றேன். அவள் உத்தரவு கொடுத்தாள். ஆணி வளைந்தது. புளொக் கல்லில் அப்படி அடிக்கக் கூடாது, ஓட்டை போட வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் முறை தண்ணீர் அடித்துப் பூசினேன். பூச்சு நின்றது. ஆனால் மணல் அதிகம். நகத்தால் கீறினால் கோடு விழும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். தூசி கிளம்புகிற நாட்களில் அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். சாயங்காலம் நாற்பது படியையும் நின்று நின்று ஏறி வருவாள். வந்ததும் வராததுமாக அக்கா வீட்டுக் கதையை ஆரம்பிப்பாள்.

பின்னால் அடுப்படிக்குச் சுவர் எழுப்பியபோதுதான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. அவள் கேட்டது ஒரே ஒரு ஜன்னல். கீழ்ப் பக்கத்துச் சுவரில்.

"அங்க வச்சீங்கன்னா அக்கா வீடு தெரியும். நான் இங்கேருந்து கைய காட்டுனாக்கூட அக்கா பார்த்துரும்."

"அதனாலதான் அங்க வைக்கல."

"ஏங்க, அக்கா நமக்கு என்னா செஞ்சுச்சு?"

"ஒண்ணும் செய்யல. என் வீட்டுக்குள்ள என்னா நடக்குதுன்னு யாருக்கும் தெரிய வேணாம்."

"எனக்கு ஏதாச்சும்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

ஜன்னலை மேல் பக்கம், ரப்பர் மரங்களைப் பார்க்க வைத்தேன். காற்று நல்லா வருது பார் என்று நானே சொல்லி, நானே தலையாட்டிக்கொண்டேன். கீழ்ப் பக்கம் மொட்டைச் சுவர்.

நான் அடுப்படிக் கூரை வேலைக்கு ஏறிய பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தேத்தண்ணீர் ஆனதும் படி இறங்கிச் சுற்றி வந்து என்னைக் கூப்பிடாமல், உள் அறைச் சுவரில் அகப்பைக் காம்பால் தட்டுவாள். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் நான் உட்கார்ந்திருக்கும் கூரை. நான் சுத்தியலால் மரத்தில் இரண்டு அடி அடிப்பேன். கேட்டுச்சு, வர்றேன். முதல் நாள் அப்படி அடித்தபோது உள்ளேயிருந்து அவள் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவின் பதிலை நான் அடித்தது அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. எனக்கும் பெருமைதான். பார்த்தாயா, அக்கா இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாறு நாள் இப்படியே போனது. அவள் தட்டுவாள், நான் இரண்டு அடிப்பேன், கையிலிருக்கிற வேலையை முடித்துவிட்டு ஆற அமர இறங்குவேன். தேத்தண்ணீர் கொஞ்சம் ஆறிப்போயிருக்கும். அவ்வளவுதானே.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. முந்தின நாள் நான் உள் அறைச் சுவரைத் தேய்த்த தூசி அறை முழுக்கக் கிடந்தது. நானே கூட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறினேன். இறங்கியதும் கூட்டலாம் என்று நினைத்தேன். குருவிட்டப் பக்கத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசித் தகரம் மட்டும் பாக்கி. மழைக்கு முன் அதை அடித்துவிட்டால் அடுப்படி முடிந்தது.

தட்டுகிற சத்தம் கேட்டது. நான் இரண்டு அடி அடித்தேன். இன்னும் நாலு ஆணி என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு ஆணிகளை அடிக்க ஆரம்பித்தேன். தகரத்தில் சுத்தியல் விழுகிற சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை. ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவில் மறுபடியும் ஒரு தட்டு கேட்டது. அவள் விடாமல்தான் தட்டியிருக்கிறாள். என் சுத்தியல் ஓய்ந்த இடைவெளியில் விழுந்தது மட்டுந்தான் எனக்குக் கேட்டது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு தேத்தண்ணிக்கு இத்தனை அவசரமா என்று முனகிக்கொண்டு, மறுபடியும் இரண்டு அடி அடித்தேன். இந்த முறை ஓங்கி அடித்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. கடைசி ஆணியையும் அடித்து, ஏணியை ஓரமாகச் சாய்த்து வைத்து, சுத்தியலைத் துடைத்து, குழாயில் கை கழுவினேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இதற்கெல்லாம் எனக்கு நேரம் இருந்தது. புது அடுப்படிக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"இந்தா புள்ள, வந்து பாரு. ஒரு சொட்டு இல்ல" என்று கத்தினேன்.

பிறகுதான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

அவள் உள் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விளக்குமாறு கிடந்தது, பாதி அறை கூட்டியிருந்தது. ஒரு கையில் பம்ப், மடியில் அகப்பை. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது பாருங்கள், அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். வந்துட்டீங்களா என்கிற மாதிரி ஓர் ஆறுதல்.

அவளைத் தூக்கிக்கொண்டு அந்த நாற்பது படியையும் மழையில் இறங்கினேன். வழுக்கிய படிகளில் இரண்டு தரம் முழங்கால் இடித்தது. எந்தச் சத்தமும் வெளியே போகக் கூடாது என்றவன், அக்கா, அக்கா என்று மலை அதிரக் கத்தினேன். அக்கா ஓடி வந்து என் கையிலிருந்து அவளை வாங்கி மடியில் சாய்த்துக்கொண்டார். கீழ் ரோட்டில் இருந்த சிங்களத் தம்பி கூப்பிட்டவுடன் த்ரீவீலை எடுத்துக்கொண்டு வந்தார். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை அக்கா அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தார், நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இரண்டு நாள் இருந்தாள். இரண்டாம் நாள், மூச்சுக்கு வைத்த முகமூடியைக் கொஞ்சம் விலக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று குனிந்தேன்.

"நீங்க பதில் தட்டுனீங்க. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அதான் எந்திரிக்காம உக்காந்திருந்தேன்" என்றாள்.

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லவே இல்லை. சொன்னபடி செய்தேன் என்று ஒரு பிள்ளை வந்து சொல்வது போலத்தான் சொன்னாள். அடுத்த நாள் விடிந்த பிறகு போய்விட்டாள்.

எட்டாம் நாள் காரியம் கழிந்த அன்று, எல்லோரும் போன பிறகு, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கன்னத்தில் அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு தட்டா தட்டுனீங்க?"

"ரெண்டு தட்டு அக்கா. ரெண்டு தரம்."

அக்கா சொன்னார்: "பதில் வந்தா எந்திரிக்காதன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்தானே தம்பி."

என் பாவத்தில் பாதியை அந்த அக்கா எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். நானும் எடுக்க விட்டுவிட்டேன். இருவரும் அழுதோம். கதவு திறந்துதான் கிடந்தது, யாருக்குக் கேட்டதோ தெரியாது.

உள் அறைச் சுவரில், ஓர் ஆள் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், அகப்பைக் காம்பு பட்ட குழிகள் இருக்கின்றன. மணல் அதிகம் என்று எல்லோரும் உதடு பிதுக்கிய என் பூச்சு அது. வேலை தெரிந்த மேசன் பாஸ் ஒருவர் பூசியிருந்தால் சுவர் இறுகியிருக்கும், ஓர் அடையாளமும் விழுந்திருக்காது. மேலே இருக்கிற குழிகள் ஆழமாக இருக்கின்றன. போகப் போக, கீழே, வெறும் கீறல்தான். எண்ணிப் பார்க்க இரண்டு தரம் உட்கார்ந்தேன், முடியவில்லை. வீட்டில் மற்ற எல்லாச் சுவர்களுக்கும் சாயம் அடித்துவிட்டேன். அந்தச் சுவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததும், அடுப்படியின் கீழ்ப் பக்கத்துச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தேன். அதையும் நானேதான் வைத்தேன், அதனால் கொஞ்சம் சாய்வாகத்தான் நிற்கிறது. இப்போது அக்கா வீட்டு வாசல் தெரிகிறது, அடுப்புப் புகை தெரிகிறது. அவள் கேட்டபோது வைத்திருந்தால் அரை நாள் வேலை.

ஜன்னல் வைத்த சில நாளில் ஒரு பிற்பகல், கீழேயிருந்து இடிக்கிற சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். என்ன ஏதென்று நினைக்கவில்லை, எழுந்து ஓடினேன். படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அக்கா வாசலில் உரலில் உலக்கையோடு நின்றுகொண்டிருந்தார். என் எச்சில் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். உலக்கையை மெதுவாகச் சாய்த்து வைத்தார்.

"மொளகாத்தான் தம்பி இடிச்சேன்" என்றார்.

இப்போதெல்லாம் அக்கா உலக்கையைத் தூக்கும் முன் வாசலுக்கு வந்து, என் ஜன்னலைப் பார்த்து, "தம்பி, இடிக்கப் போறேன்!" என்று கத்துகிறார். மலையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கேட்கும். நான் ஜன்னலுக்கு வந்து, "சரிக்கா" என்று குரல் கொடுக்கிறேன். அதற்குப் பிறகுதான் உலக்கை விழுகிறது.